படுக்கையில்லாத ஓட்டுநர் அறை: புதுக்கடை எல்லைப் பகுதியும் லாரி அனுமதி விதிகளும்

1954 ஆகஸ்ட் 11ஆம் நாள், திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த புதுக்கடையில், தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிப் போராடியோர்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு நிறைவேறியது. மொழிவழி மாநில வரலாற்றில் இடம்பெறும் இந்நிகழ்வுகளுக்குச் சாலைப் போக்குவரத்து சார்ந்த விளைவொன்றும் உண்டு. கிழக்கே ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை, மேற்கே களியக்காவிளைக்கு மாறியது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் லாரி அதுவரை ஓர் அரசின் ஆட்சிக்குள்ளேயே ஓடியது. பின்னர் அது மாநிலம் கடக்கும் வண்டியாயிற்று. அதற்கு எவ்வகை அனுமதி உள்ளது என்பது வரியை மட்டுமன்றி, காலப்போக்கில் ஓட்டுநர் உறங்கும் இடத்தையும் தீர்மானித்தது.

இந்திய லாரியின் ஓட்டுநர் அறை நெடுங்காலம் ஆலையில் உருவானதன்று. ஜாம்ஷெட்பூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெரும்பாலான வண்டிகள் வெறும் சேஸிஸாகவே வெளிவந்தன. கதவும் கூரையும் இல்லாத அந்தச் சட்டத்தின்மேல் அமர்ந்து, வெயிலையும் தூசியையும் தாங்கி, ஓட்டுநர் அதனைப் பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுசேர்ப்பார். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. அறையின் அகலமும் இருக்கையின் அமைப்பும் உரிமையாளரின் பணத்தையும் தச்சரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தவை. பின்புறம் பலகை வைத்தால் சரக்கு ஏற்றும் நீளம் குறையும் என்பது உரிமையாளரின் கணக்கு. பலகையில்லாத வண்டியில் உறங்குவோர் இருக்கையில் முடங்கினர்; கூரைமேலோ தார்ப்பாய்மேலோ படுத்தனர்; வண்டியின் அடியில் துணித் தொட்டில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. எஞ்சின் மூடியின் சூட்டருகே படுப்பது மழைக்காலத்தில் இதம், கோடையில் தண்டனை.

சட்டம் இதனைக் கவனியாமல் இல்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தொடர்ந்து 5 மணி நேரத்திற்குமேல் ஓட்டுவதாயின் இடையில் அரைமணி ஓய்வு வேண்டும் என்றது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்து, இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை அமைக்கவும் பணித்தது. ஆனால் அச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. ஒரே லாரி வைத்திருப்பவரிடம் இரண்டு ஓட்டுநரும் ஒரு கிளீனரும் இருந்தால் மூவர்தான். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அந்த நேர வரம்பைப் போக்குவரத்து வண்டி ஓட்டும் எவருக்கும் விரித்தது. ஓய்வறை அவ்வாறு விரியவில்லை. சிறு உரிமையாளர்களே மிகுந்த இத்தொழிலில் இவ்விடைவெளி சிறியதன்று.

தேசிய அனுமதித் திட்டம் 1975இல் தொடங்கியது. அதற்கான நிபந்தனைகளை வகுத்த 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 90ஆம் விதி, அத்தகைய வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாற்று ஓட்டுநர் நீட்டிப் படுத்து உறங்கத்தக்க முழு அகல இருக்கையும் வேண்டும் என்றது. இவ்விதியைத் தொழிலாளர் நலனாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. ஒருவர் உறங்க மற்றவர் ஓட்ட வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. வண்டி நிற்பதைப் பற்றி அது பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குமுறை, தக்க படுக்கை வசதியுள்ள வண்டிக்குள் அன்றாட ஓய்வை எடுக்க இடமளிக்கிறது. ஆனால் வண்டி நின்றிருக்க வேண்டும். இரு விதிகளும் படுக்கையைக் கேட்கின்றன. கேட்கும் காரணம் வேறு.

புதுக்கடை போன்ற எல்லையோர ஊர்களில் இவ்வேறுபாடு கண்கூடானது. வடமாநிலம் செல்லும் வண்டிக்குத் தேசிய அனுமதி, ஆகவே பலகை. தேங்காய்ப்பட்டணத்து மீனையோ வாழைக்குலையையோ கேரளத்திற்கு ஏற்றிச்செல்லும் வண்டி, மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தின்படி மேலொப்பம் பெற்றோ தற்காலிக அனுமதியிலோ எல்லை கடக்கலாம். அதற்கு 90ஆம் விதி பொருந்தாது. தொலைவு குறைவு என்பதால் படுக்கை தேவையில்லை என்ற எண்ணம் இதன் பின்னணி. சரக்கேற்றக் காத்திருக்கும் நேரமும் இறக்கக் காத்திருக்கும் நேரமும் தொலைவில் சேர்வதில்லை. களியக்காவிளைப் பகுதியிலும் எல்லைக்கு அப்பால் அமரவிளையிலும் இருந்த வரிச் சோதனைச்சாவடிகளின் வரிசையே பலருக்கு உறக்க நேரம். 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அவ்வரிச் சோதனை நீங்கியது. பயணம் விரைவானது, வரிசையில் கிடைத்த தூக்கமும் போயிற்று.

தேசிய அனுமதி வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற கட்டாயம் 2018இல் கைவிடப்பட்டது. மாற்று ஓட்டுநரை முன்னிட்டே கேட்கப்பட்ட படுக்கை, அத்துடன் தன் காரணத்தை இழந்தது. 2023 டிசம்பர் அறிவிக்கை, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனத்தை 2025 முதல் கட்டாயமாக்கியது. வெறும் சேஸிஸாக விற்பவரும் அதற்கான கருவித்தொகுதியைத் தர வேண்டும் என்கிறது அது. இங்கே அளவுகோல் அனுமதியின் வகையன்று, வண்டியின் வகை. எல்லையைக் கடப்பதும் கடவாததும் பொருட்டல்ல. அந்த அறிவிக்கை அறையின் வெப்பத்தைப் பற்றியது. படுக்கையைப் பற்றி அதில் சொல் இல்லை.