மூன்றில் ஒன்று

‘முக்காலே மூணு வீசம்’ என்று நம் பேச்சில் ஒரு பிரயோகம் இருக்கிறது. ஏறக்குறைய முழுசும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வரும். அது ஒரு கணக்கு என்பது சொல்கிறவர்களில் பலருக்கு மறந்துவிட்டது. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. வீசம் பதினாறில் ஒன்று. பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து. முழுசுக்கு ஒரு வீசம் குறைவு என்பதைத் துல்லியமாகச் சொல்லிய வாய், இன்று அதே சொற்களை உத்தேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த மாற்றம் எங்கே நடந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊரும் என் அப்பத்தாவும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

பரவை, மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில், விளாங்குடி தாண்டி சமயநல்லூருக்கு முன்னால் இருக்கிறது. இன்று மொத்தக் காய்கறி மார்க்கெட்டை வைத்து ஊரை அடையாளம் சொல்கிறார்கள். என் சிறுவயதில் வயலும் கண்மாயும் தென்னையுமாக இருந்தது. அப்பத்தா தோட்டத்துக் கீரையையும் கத்தரிக்காயையும் கூடையில் வைத்து விற்றவள். எழுத்துத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் 1/4-ஐயும் 1/8-ஐயும் கூட்டச் சொன்னபோது, மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டி 2/12 என்று எழுதி அடி வாங்கி வந்திருந்தேன். 2/12 என்றால் ஆறில் ஒன்று. காலோடு ஒன்றைக் கூட்டி, காலைவிடக் குறைவான விடையைக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. அப்பத்தா கேட்டுவிட்டுச் சொன்னாள்: “காலும் அரைக்காலும் சேந்தா காலே அரைக்கால். இதுல கூட்டுறதுக்கு என்னடா இருக்கு?”

அவள் சொன்னது நியாயம்தான் என்று புரியப் பல வருஷங்கள் ஆயின. பள்ளிக்கூடத்துப் பின்னம் இரண்டு எண்களுக்கு இடையிலான உறவு. ஒரு கோடு போட்டு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் எழுதியதும் அந்த உறவை எப்படிக் கையாள்வது என்று விதிகள் வேண்டியிருக்கின்றன. அப்பத்தாவின் பின்னம் ஒரு பெயர். படியில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு என்று கண்ணால் பார்த்துக் கையால் அளந்த பொருள்களின் பெயர். பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்வதே கூட்டல். மாகாணி என்ற சொல்லைப் பாருங்கள். மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் சேர்த்தால் 5/80, அதாவது 1/16. மாகாணிதான் வீசம். விடையே பெயராக நிற்கிறது.

இந்தப் பெயர்கள் ஒரு ஒழுங்கில் கட்டப்பட்டவை. கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. நாலுமா, இருமா, ஒருமா, அரைமா, காணி என்று இருபதை ஒட்டி இறங்கும் வரிசை இன்னொன்று. இரண்டு வரிசைக்கும் பொதுவான அடித்தளமாக முந்திரி இருக்கிறது: 1/320. காலில் 80 முந்திரி, மாகாணியில் 20, மாவில் 16, காணியில் 4. மீதமில்லாமல் எல்லாம் முந்திரியில் வந்து இறங்குகின்றன.

பெருக்கலில்தான் சிக்கல். மாவை மாவால் பெருக்கினால் 1/400, முந்திரியைவிடச் சிறியது. இதற்குக் கணக்கர்கள் கண்ட வழி ஒரே ஒரு சொல்: ‘கீழ்’. ஒரு முந்திரியை மறுபடியும் ஒன்று என்று வைத்துக்கொண்டு, கால், அரை, மா, காணி எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திரும்பச் சொல்வது. 1/400 என்பது கீழ் முக்காலே ஒருமா. இன்னும் சிறியதாகப் போனால் இன்னொரு கீழ். பாபிலோனியர்கள் அறுபதை வைத்து இறங்கியதற்கு நிகரான காரியம் இது; இங்கே 320.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நம் சரித்திரப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும். ராஜராஜன் காலத்தில் ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் அளந்து வரி போட்டார்கள் என்பார்கள். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதில் இந்தப் பங்கு, அரைச் சதுர மில்லிமீட்டர் அளவுக்கு வரும். எந்தக் கோலை வைத்து எந்த வரப்பில் இதை அளப்பது? ஆனால் இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 320-ஐ நான்கு தடவை பெருக்கி, ஐந்தால் பெருக்கினால் வருவது. அதாவது நான்கு கீழும் ஒரு நாலுமாவும். நிலத்தில் யாரும் இதை அளந்திருக்க முடியாது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிக்கொண்டு போன கணக்கன், கடைசி மிச்சத்தையும் விடாமல் எழுதியிருக்கிறான் என்பதே என் வாசிப்பு. 1010-இல் பெரிய கோயிலை முடித்த ஒரு அரசு, ஏட்டில் தன் பாத்தியதை எதையும் சிந்தவிடவில்லை. இதில் நாம் பெருமைப்படுவதா, அந்த வரியைக் கட்டியவனை நினைப்பதா என்பது அவரவர் பிரக்ஞையைப் பொறுத்தது.

இந்தக் கணக்கு யாரிடம் இருந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முழு எண்களின் வாய்பாட்டோடு காலுக்கும் அரைக்கும் மாவுக்கும் காணிக்கும் தனித்தனி வாய்பாடு. தி. செந்தில்பாபு 2022-இல் வெளியான தம் ஆங்கில நூலில் இந்த உலகத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அங்கே மனப்பாடத்தைச் சிந்தனைக்கு எதிரியாக அவர் பார்க்கவில்லை. ஞாபகமே கற்கும் முறையாக இருந்தது என்கிறார். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. களத்தில் நெல் அளக்கும்போது ‘காலே அரைக்கால்’ என்று கணக்கன் வாயால் சொன்னது குடியானவனுக்குப் புரிந்தது. அவன் ஏட்டில் போட்ட குறி புரியவில்லை. பேச்சு பொது, எழுத்து கணக்கனுடையது.

1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு பைசா. பதினாறால் நூறு மீதமின்றி வகுபடாது. ஒரு அணா 6.25 பைசா. அதனால் மாற்றுப் பட்டியல் போட்டார்கள்: ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. அப்பத்தா ஒரு கட்டுக் கீரையை ஒரு அணாவுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு மூன்று கட்டு விற்றால் 19 பைசா. மூன்று ஆளுக்கு ஒவ்வொரு கட்டாக விற்றால் 18. இதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். “ஒத்தைக் கட்டு கேக்குறவன்தான்டா எனக்கு நட்டம் வைக்கிறான்” என்றாள். மூன்று கட்டாக வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் ஆரம்பித்தாள். ‘நயா’ 1964-இல் உதிர்ந்தது. நாலணா என்ற சொல், 25 பைசா நாணயம் 2011-இல் செல்லாததாகும் வரை தாக்குப்பிடித்தது.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. தாத்தா காலமான பிறகு கண்மாய்க்குக் கீழே இருந்த ஒரு ஏக்கர் நஞ்சையை என் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் பிரித்துக்கொண்டார்கள். ஏக்கருக்கு நூறு சென்ட். பத்திரம் எழுதியவர் முழு எண்ணாகப் போட்டால்தான் பின்னால் வில்லங்கம் வராது என்றார். 34, 33, 33 என்று எழுதப்பட்டது. மூத்தவர் என்பதால் 34 என் அப்பாவுக்கு. சின்னச் சித்தப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அப்புறமும் பேசவில்லை, எங்கள் வீட்டு வாசல் மிதிக்காமலே பதினோரு வருஷம் இருந்து இறந்து போனார். “ஒரு சென்டுல மூணு பங்குன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலியே” என்று அப்பத்தா புலம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் வாய் வந்திருக்காது என்பதுதான் எனக்குப் பிற்பாடு உறைத்தது. மூன்றில் ஒன்றுக்கு அவள் கணக்கில் பெயர் கிடையாது. நெல்லில் உண்டு: மூன்று தூணி ஒரு கலம். பழைய காசில் உண்டு: அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்பதால் ரூபாயில் மூன்றிலொன்று ஐந்தணா நாலு தம்பிடி. ஆனால் கால், மா, காணி, முந்திரி என்கிற எண்களின் குடும்பத்தில் இரண்டும் ஐந்தும்தான் ரத்த சம்பந்தம், மூன்று அந்நியம். நூறிலும் அதே கதை. 320-ஐ மூன்றால் வகுத்தாலும் மிச்சம், 100-ஐ வகுத்தாலும் மிச்சம்.

ஒருநாள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு மாவை மூவருக்குப் பங்கிடுவது. மாவில் பதினாறு முந்திரி. ஆளுக்கு 5, மிச்சம் 1. அந்த ஒரு முந்திரியில் 320 கீழ்முந்திரி. ஆளுக்கு 106, மிச்சம் 2. இப்படியே கீழே போனால் மிச்சம் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று முடிவில்லாமல் வரும். ஆனால் கீழ்முந்திரிக்கு அடியில் பழைய கணக்கு ஒரு காரியம் செய்திருக்கிறது. அங்கே 320-ஐ விட்டுவிட்டு, கீழ்முந்திரியை 21-ஆகப் பிரித்து அதற்கு இம்மி என்று பேர் வைத்திருக்கிறது. இரண்டு கீழ்முந்திரிக்கு 42 இம்மி. ஆளுக்கு 14. மிச்சமில்லை.

இம்மி 21,50,400-இல் ஒரு பங்கு. தமிழன் அணுவை அறிந்திருந்தான் என்பதற்கு இதை அத்தாட்சியாகக் காட்டுகிற கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். சிறுமையின் அளவைக் கண்டு வாய் பிளப்பவர்கள் 21 ஏன் என்று கேட்பதில்லை. இருபத்தொன்று என்றால் மூன்றும் ஏழும். மேலே இருக்கும் வீட்டில் இடமில்லாத இரண்டு எண்களுக்கு அடிவாசலில் கதவு திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று நான் ஊகிக்கிறேன். இம்மியைப் பதினொன்றாகப் பிரித்து மும்மி என்று சொல்லும் பட்டியலும் உண்டு. பதினொன்றும் அதுவரை வராத எண்தான். அணுவை அறிவதைவிட, மூன்று பேரில் ஒருவனும் குறைப்படாமல் பங்கு வைக்கத் தெரிவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதைச் சொல்லும்போதே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 5 முந்திரி, 106 கீழ்முந்திரி, 14 இம்மி என்று நான் ஒரு மாலை நேரம் முழுக்க உட்கார்ந்து கண்டதை, என்னை அடி வாங்க வைத்த அந்தக் கோட்டுப் பின்னம் 1/60 என்று ஒரு மூச்சில் எழுதிவிடுகிறது. எந்த எண்ணையும் அது அந்நியமாக நினைப்பதில்லை. பழைய குறிகளுக்கு 2019-இல் யூனிகோடில் இடம் கிடைத்து, முந்திரியையும் காணியையும் இன்று கணிப்பொறியில் அச்சிடலாம். நல்லதுதான். அச்சிட்டு யார் எதைக் கூட்டப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்றில் ஒன்று 145.2. நாடா பிடித்து அளக்கக்கூடிய அளவுதான். அந்த நஞ்சை இப்போது மனைகளாகிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது சின்னச் சித்தப்பாவின் பங்கு எதுவரை இருந்தது என்று பார்க்க நினைத்தேன். எல்லைக்கல் இருந்த இடத்தில் யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள்.