குருந்தம் - நாக்தேவி தெருவில் கிலோ கணக்கில் விற்கும் ஒரு தமிழ்ச் சொல்

மும்பையில் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் நாக்தேவி தெரு வரும். பேரிங், பெல்ட், வால்வு, டிரில் பிட் என்று பட்டறைக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். "கார்பரண்டம் பவுடர்" என்று கேட்டால் கறுப்பாக மினுங்கும் ஒரு பொடியை, என்ன நம்பர் என்று கேட்டுவிட்டு நிறுத்துத் தருவார்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் வால்வு தேய்க்கிறவர்கள், கண்ணாடி தேய்க்கிறவர்கள். இப்போது செம்பூர், மாட்டுங்கா பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற சில தமிழ்க் குடும்பங்களும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறோம்.

எங்களுக்கு எதற்கு என்கிறீர்களா? பிள்ளைகளுக்குக் கூழாங்கல் உருட்டும் பைத்தியம் பிடித்திருக்கிறது. சின்ன ரப்பர் டப்பாவில் கல், தண்ணீர், இந்தப் பொடி மூன்றையும் போட்டு மூடி, மோட்டார் வைத்து வாரக்கணக்கில் உருட்டிக்கொண்டே இருப்பது. ஆறு லட்சக்கணக்கான வருடங்களில் செய்யும் வேலையை டப்பா ஒரு மாதத்தில் செய்கிறது. மகாராஷ்டிரத்தின் எரிமலைப் பாறைகளில் அகேட், ஜாஸ்பர் வகைக் கற்களுக்குப் பஞ்சமே இல்லை. பொடிதான் தீர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஐந்து குடும்பம் சேர்ந்து மொத்தமாக மூட்டையில் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். மூட்டை வந்து இறங்கிய பிறகு அந்தப் பெயரைத் தோண்ட ஆரம்பித்தேன். அதன் வால் நம் சேலம், காங்கேயம் பக்கம் போய் முடிகிறது.

எலி தோண்டிய கல்

கார்பரண்டம் என்ற பெயருக்குள் கொரண்டம் என்ற சொல் இருக்கிறது. கொரண்டம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கனிமம். கடினத்தில் வைரம் 10 என்றால் இது 9. நிறமில்லாத, அழுக்கான, ஒளி ஊடுருவாத கல்லாக இருந்தால் அரைக்கப் பயன்படும். அதே கனிமம் சிவப்பாக, தெளிவாக அமைந்துவிட்டால் மாணிக்கம், நீலமாக அமைந்தால் நீலக்கல்! இந்தக் கொரண்டம் என்ற சொல்லுக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் மூலம் தமிழின் 'குருந்தம்'. சமஸ்கிருதத்தில் குருவிந்தம் என்ற உறவுச் சொல் உண்டு. இந்தியிலும் மராட்டியிலும் குருந்த் என்பார்கள்.

(திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றாரே, அந்தக் குருந்த மரம் வேறு. அது காட்டு எலுமிச்சை இனம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்தச் சொல் கப்பலேறியது 18ஆம் நூற்றாண்டில். லண்டனில் ஜான் உட்வர்ட் என்ற மருத்துவர் உலகம் முழுவதிலிருந்தும் கற்களைச் சேகரித்து வைத்திருந்தார். 1728ல் அவர் இறந்தார். அதையொட்டி அச்சான அவரது பட்டியலில் சென்னைக் கோட்டைப் பக்கமிருந்து போன கற்களும் இருக்கின்றன. 'நெல்லா கொரிவிண்டம்' என்று ஒன்று, 'தெல்லா கொரிவிண்டம்' என்று இன்னொன்று. முதலாவது நெல் விளையும் வயல்களில் கிடைக்கிறது, வயல் எலிகள் வளை தோண்டும்போது மேலே தள்ளுகின்றன, இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்க உதவுகிறது என்று குறிப்பும் எழுதியிருக்கிறார். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு, தெல்ல என்றால் வெள்ளை. அப்படி வாசித்தால் கறுப்புக் குருந்தம், வெள்ளைக் குருந்தம் என்று சரியாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய அந்தக் காலத்துச் சென்னை அந்தப் பெயரிலேயே தெரிகிறது, பாருங்கள்.

1798ல் சார்லஸ் கிரெவில் என்பவர் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1802ல் பூர்னோன் பிரபு அதே இதழில் மாணிக்கம், நீலக்கல், கொரண்டம் எல்லாம் ஒரே இனம் என்று விளக்கினார். அத்தோடு குருந்தம் உலக அறிவியலில் நிலைத்த பெயராகிவிட்டது.

நம் ஊரில் இதெல்லாம் யாருக்கும் புதிதல்ல. குருந்தத்தை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து வட்டமாக வார்த்தால் சாணைக்கல். கத்தி, அரிவாள், நகை, மணி எல்லாவற்றுக்கும் சாணை அதுதான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, தர்மபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டி, காங்கேயம் அருகே முருகன் குடியிருக்கும் சிவன்மலை இவையெல்லாம் குருந்தம் கிடைத்த இடங்கள். இந்தியப் புவியியல் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1898ல் கொரண்டத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். சித்தம்பூண்டி வட்டாரப் பாறைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சந்திரயான்-2க்காக நிலவின் மண்ணைப் போன்ற செயற்கை மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ அங்கிருந்துதான் பாறையை எடுத்துப் பொடித்தது.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமானால் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல். 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், ஸ்படிகம், சூதுபவளம் என்று மணிகள் செய்த பட்டறைகளே கிடைத்திருக்கின்றன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கல்லைத் தேய்த்து மணியாக்குவது நமக்கு இரண்டாயிரம் வருடத்துக் கைப்பழக்கம்.

வைரம் செய்யப் போய்...

இனி அமெரிக்கா. 1891ல் பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கையாக வைரம் செய்ய முயன்றுகொண்டிருந்தார். களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து அதன் வழியே பலமான மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. மின்னும் சில படிகங்கள் வந்தன. கண்ணாடியைக் கிழித்தன. கார்பனும் களிமண்ணில் இருந்த அலுமினாவும், அதாவது கொரண்டமும், சேர்ந்த பொருள் என்று நினைத்து இரண்டு பெயரையும் ஒட்டி 'கார்பரண்டம்' என்று வைத்தார். பரிசோதித்துப் பார்த்தால் அதில் கொரண்டமே இல்லை, சிலிக்கனும் கார்பனும்தான்! வேதியியல் பெயர் சிலிக்கன் கார்பைடு. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இல்லாத குருந்தத்தின் பெயரைத்தான் உலகம் நூற்றுச் சொச்சம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அச்சிசனின் முதல் வாடிக்கையாளர்கள் நியூயார்க்கில் ரத்தினக்கல் தேய்ப்பவர்கள். அவர்களுக்கு அவர் விற்றது காரட் கணக்கில். விலை இறங்க வேண்டுமென்றால் மின்சாரம் மலிவாகக் கிடைக்க வேண்டும். 1895ல் தொழிற்சாலையை நயாகரா அருவிக்கே கொண்டுபோனார். மணலையும் பெட்ரோலியக் கரியையும் நீளமான உலையில் குவித்து, நடுவில் மின்சாரம் ஓட்டி, 2000 டிகிரிக்கு மேல் சூடாக்குவது அவர் கண்ட முறை. பின்னால் உலகெங்கும் பரவியதும் அதுதான். காரட்டில் விற்றது டன்னுக்குப் போனது.

கடலுக்கு அந்தப் பக்கம் மோரா

இந்தியாவுக்கு இது திரும்பி வந்த கதையில் மும்பைக்கும் பங்கு உண்டு, சென்னைக்கும் உண்டு.

பாவுச்சா தக்காவிலிருந்து லாஞ்ச் ஏறினால் துறைமுகத்தைக் கடந்து உரண் பக்கம் மோராவில் இறக்கிவிடுவார்கள். அங்கேதான் 1941ல் கிரைண்ட்வெல் தொடங்கியது. சாணைச் சக்கரம் தயாரித்த முதல் இந்தியத் தொழிற்சாலை. யுத்த காலம், வெளிநாட்டுச் சரக்கு வருவது நிச்சயமில்லாத நேரம். பிறகு அமெரிக்காவின் நார்ட்டனோடு சேர்ந்து கிரைண்ட்வெல் நார்ட்டன் ஆனது. 1990ல் பிரான்சின் செயின்ட் கோபைன் நார்ட்டனை வாங்கியபோது இதுவும் அந்தக் குடும்பத்துக்குள் போனது.

சென்னைக் கதை பர்மாவில் ஆரம்பிக்கிறது. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900ல் மௌல்மீனில் லேவாதேவி தொடங்கினார். பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அந்தக் குடும்பம் முதலைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பிவிட்டது. வட்டித் தொழிலை விட்டுத் தொழிற்சாலைப் பக்கம் வந்தார்கள். 1954ல் அமெரிக்காவின் கார்பரண்டம் கம்பெனி, இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி இரண்டோடும் கூட்டுச் சேர்ந்து கார்பரண்டம் யுனிவர்சல் பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. நயாகராவில் அச்சிசன் கண்ட கணக்கை இவர்களும் கேரளத்தில் கண்டார்கள். சிலிக்கன் கார்பைடு உலை கொரட்டியில், அதற்குத் தீனி போட மணியாரில் 12 மெகாவாட் சொந்த நீர்மின் நிலையம், 1994ல். 2007ல் ரஷ்யாவின் வோல்ஷ்ஸ்கி சாணைத் தொழிற்சாலையையே வாங்கினார்கள்.

ஆக, சென்னையிலிருந்து குருந்தமாகப் போன சொல் லண்டனில் கொரண்டமாகி, பென்சில்வேனியாவில் கார்பரண்டமாகி, திருவொற்றியூரில் போர்டு பலகையாக வந்து நின்றது. கிட்டத்தட்ட 230 வருடம்.

மும்பைத் தமிழர்களுக்கும் இந்தப் பொடியோடு பழைய பழக்கம்தான். தாராவிக்குத் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்களைக் கேளுங்கள். தோலின் முகத்தைத் தேய்த்து மிருதுவாக்கும் பஃபிங் வேலை எமரி காகிதத்தில்தான். ஊரில் நாம் உப்புத்தாள் என்போம், இங்கே ரேக்மால்.

காம்பேயின் தோல் பையும் நுரையீரலும்

கல் உருட்டுவது அமெரிக்கப் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தால் வடக்கே காம்பே வரை, அதாவது கம்பாத் வரை, ஒரு ரயில் பயணம் போய்விட்டு வாருங்கள். ரத்தன்பூர் அகேட்டை அங்கே எத்தனையோ தலைமுறைகளாக மணியாக்குகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் எழுதிவைத்த முறை இது: செதுக்கிய மணிகளை அகேட் தூளோடும் எமரித் தூளோடும் ஒரு தோல் பையில் போட்டுத் தண்ணீர் தெளித்து வாயைக் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து பையை அப்படியும் இப்படியும் இழுத்து உருட்டுவார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம்! மோட்டார் ஒன்றுதான் பாக்கி. மற்றபடி என் வீட்டு பால்கனியில் சுற்றும் டப்பாவும் அந்தப் பையும் ஒன்றுதான். அந்தத் துறைமுகம் தூர்ந்துபோன பிறகு அந்த மணிகள் பம்பாய் வழியாகத்தான் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின.

ஆனால் கம்பாத்தில் இன்னொரு வேலையும் உண்டு. உருட்டுவதற்கு முன்னால் கல்லை எமரிச் சக்கரத்தில் உலர்வாகப் பிடித்து வடிவம் கொண்டுவருவது. அகேட் முழுக்க முழுக்க சிலிக்கா. அதன் நுண்தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திசு தடித்து இறுகிவிடும். சிலிக்கோசிஸ் என்பது அதுதான். குணமாக்க மருந்து கிடையாது. அகமதாபாத்தின் தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் கம்பாத் அகேட் தொழிலாளிகளை ஆராய்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறது. பலருக்கு வீடே பட்டறை. சக்கரத்தில் உட்காராத மனைவியும் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். இருமல் வந்தால் காசநோய் என்று வைத்தியம் பார்ப்பதும் உண்டு.

நாம் ஆசைக்காகச் செய்வதை அவர்கள் சோற்றுக்காகச் செய்தார்கள். தோல் பைக்குள் ஈரம் இருந்தது. உலர்ந்த சக்கரம்தான் ஆளைக் கொன்றது. மொத்தமாகப் பொடி வாங்கும் எந்தக் குடும்பமும் விலையை விசாரிப்பதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, எவ்வளவு வாங்குவது?

நம்பரின் அர்த்தம் எளிது. சல்லடையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதே நம்பர். நம்பர் கூடக் கூடப் பொடி நைஸ். முதலில் 60/90, அடுத்து 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ் பொடி. கடைசியில் வருவது ரசாயனப்படி நம் குருந்தமேதான்! ஒவ்வொரு கட்டமும் சுமார் ஒரு வாரம். கல்லின் மூலை முடுக்கு மழுங்கும்வரை முதல் கட்டத்தை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே மொத்தமாக வாங்க வேண்டியது 60/90 மட்டும். மற்றது எல்லாம் ஓரிரு கிலோ போதும்.

ஒன்றேகால் கிலோ கல் பிடிக்கும் டப்பாவுக்கு ஒரு தடவைக்கு நாலு மேஜைக்கரண்டி, தோராயமாக 90 கிராம். 25 கிலோ மூட்டையில் 270 தடவைக்கு மேல் வரும். ஐந்து டப்பாவும் வருடம் முழுக்க முதல் கட்டத்திலேயே ஓடினாலும் 52 வாரத்துக்கு 260 தடவைதான். பாதி நேரம் மற்ற கட்டங்களில் ஓடும் என்பதால் இரண்டு வருடம் தாங்கும். பொடி கெடாது. ஈரம் படாமல் வைத்தால் சரி. ஒரே குடும்பம் ஒரு மூட்டை வாங்கினால் பத்து வருடத்துக்கு வீட்டில் இடத்தை அடைக்கும், மும்பை வீட்டில் அது நடக்கிற காரியமா?

மூட்டையைப் பிரித்துப் பங்கு போடுவதைத் திறந்தவெளியில், மூக்கில் நல்ல முகமூடியோடு, பெரியவர்கள் மட்டும் செய்வது என்று வைத்திருக்கிறோம். கல்லை உடைப்பதென்றால் நனைத்த சாக்குக்குள் வைத்து உடைப்பது. உலர்வாக அரைப்பது, அறுப்பது எங்கள் ஐந்து வீட்டிலும் கிடையாது. கழுவிய சேற்றைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பக்கெட்டில் தெளிய வைத்து, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடிச் சேற்றை ஈரம் காய்வதற்குள் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறோம். காய்ந்தால் அதுவும் கம்பாத்தின் தூள்தான்.

பங்கு போட்ட டப்பாக்களின் மேல் பெயர் எழுதும் வேலை பிள்ளைகளுடையது. மராட்டியும் ஆங்கிலமும் பள்ளியில், தமிழ் வீட்டில் மட்டும் என்று வளர்கிற பிள்ளைகள். ஐந்து டப்பாவிலும் 'குருந்தம் 60/90' என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். அது குருந்தம் இல்லை, சிலிக்கன் கார்பைடு என்று மாட்டுங்கா வீட்டுப் பெண் ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அவள் சொல்வது சரிதான். அச்சிசனிடம் போய்ச் சொல்லச் சொன்னேன் :-)