இஷியின் வில்

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் மகன் வில் ஒன்று செய்தான். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய பி.வி.சி. குழாய், நைலான் கயிறு, பிடிக்குச் சுற்ற ஒட்டுநாடா, இவைதாம் மூலப்பொருள்கள். குழாயை அனலில் வாட்டி, இளகியதும் இரு பலகைகளுக்கிடையே அழுத்தித் தட்டையாக்கினான். நுனிகளை மறுபடியும் வாட்டி முன்புறமாக வளைத்தான். முதல் நாள் அம்பு நன்றாகவே பாய்ந்தது. அந்தப் பெருமிதத்தில் நாணைக் கழற்றாமல் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டான். பத்து நாளில் குழாய் அந்த வளைவிலேயே நிலைத்துப்போய், விசை பாதிகூட மிஞ்சவில்லை. "குழாய் மட்டம், மாமா" என்றான். எனக்கு இஷியின் நினைவு வந்தது.

வட கலிபோர்னியாவில் மில் கிரீக், டீர் கிரீக் ஓடைகளின் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த சிறு குலம் யாஹி. 1849-ஆம் ஆண்டுத் தங்கவேட்டையைத் தொடர்ந்து குடியேறியவர்களின் துப்பாக்கிகள் இருபதாண்டுகளுக்குள் அக்குலத்தை ஏறக்குறைய முடித்துவிட்டன. எஞ்சிய சிலர் புகை தெரியாமல் சமைத்து, காலடித் தடத்தை மறைத்து, நாற்பதாண்டுகள் ஒளிந்து வாழ்ந்தனர். 1908 நவம்பரில் மின்நிறுவனம் ஒன்றின் நில அளவையாளர்கள் அவர்களுடைய மறைவிடத்தில் தற்செயலாகக் கால்வைத்தனர். நடக்க இயலாத முதியவள் ஒருத்தியை அங்கே கண்டனர். வில், அம்பு, கூடை, போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் நினைவுப்பொருள்களாக எடுத்துச் சென்றனர். கொலை செய்யவில்லை, ஆனால், குளிர்காலத்தின் வாயிலில் பிழைப்புக்கான கருவிகளைப் பறித்துப் போவதற்கு வேறென்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த முதியவளின் மகன் 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்னும் ஊரின் இறைச்சிக்கூடத்தருகே, பசியில் மெலிந்து, தனியாளாகப் பிடிபட்டார். மானுடவியலாளர்களான வாட்டர்மனும் குரோபரும் அவரை சான்பிரான்சிஸ்கோவுக்கு வரவழைத்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்தனர். தம் பெயரைத் தாமே சொல்வது அவர் மரபில் இல்லை. எனவே குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். செய்தித்தாள்கள் வேறு பெயர் வைத்தன: கடைசிக் கற்கால மனிதன்.

அருங்காட்சியகத்தை அடுத்திருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், இஷிக்கு வைத்தியம் பார்க்க வந்து மாணவராகிப் போனார். இஷி வில் செய்ததை அவர் கூர்ந்து கவனித்துக் குறித்துவைத்தார். மலை ஜூனிப்பர் மரத்தை இஷி விரும்பினார். நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்புவரை வில்லின் நீளம். ஏறக்குறைய 42 அங்குலம். நுனிகளைச் சூடான கல்லின்மேல் வைத்து வளைப்பார். மானின் தசைநாரை வாயிலிட்டு மென்று நாராகப் பிரித்து, சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் வில்லின் முதுகில் படிய ஒட்டுவார். இழுவிசையைத் தாங்குவது முதுகு. மரம் தனியாக அதைத் தாங்காமல் முறியும், நார் தாங்கும். இன்று குழாய்வில் செய்பவர்கள் உள்ளே கண்ணாடியிழைக் கம்பியைச் செருகுவதும் குழாயின் குறையை வேறொரு பொருளால் ஈடுசெய்யத்தான்.

கற்காலப் பட்டம் பொருந்தாத இடம் அம்புமுனை. எரிமலைக் கண்ணாடியில் முனை செதுக்கிய அதே கை, பாட்டில் கண்ணாடியிலும் சன்னல் கண்ணாடியிலும் செதுக்கியது. சில்லுகளைப் பெயர்க்க மான்கொம்போடு இரும்பும் பயன்பட்டது. ஒளிந்து வாழ்ந்த காலத்திலேயே குடியேறிகள் எறிந்த கண்ணாடியும் ஆணியும் யாஹிகளுக்குக் கருவிகளாகிவிட்டன. தங்களை அழித்தவர்களின் குப்பைமேடே அவர்களுக்கு ஹார்ட்வேர் கடை. பொருளைக் கண்டு அதன் குணத்தை அறிந்து வேலை வாங்கிய இந்த அறிவைக் காலத்தால் பின்தங்கியது என்று எந்த அளவுகோலால் சொல்வது? ஆணி எந்தக் காலத்தது என்று செய்தியாளர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

போப் குறித்துள்ளவற்றில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. வில்லை நிமிர்த்தி வைக்கக் கூடாது என்பார் இஷி. நிற்கும் வில் உழைத்துக்கொண்டேயிருக்கும், வியர்த்துத் தளரும். படுக்க வைத்தால்தான் ஓய்வு. இதை நம்பிக்கை என்று சிரித்து ஒதுக்கலாம். அக்காள் மகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. நாணேற்றியே வைத்த குழாய் பத்து நாளும் உழைத்துக்கொண்டுதானே இருந்தது? குழாய் மட்டமில்லை என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

போப் 1918-இல் 'யாஹி வில்வித்தை' என்ற ஆய்வையும் 1923-இல் வில்வேட்டை பற்றிய நூலையும் வெளியிட்டார். அமெரிக்காவில் வீட்டிலேயே வில் செய்யும் ஆர்வம் பரவியதில் அந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. இஷி அதைப் பார்க்கவில்லை. 1915 கோடையில் மொழியியலாளர் எட்வர்ட் சபீரோடு அமர்ந்து தம் மொழியை ஒப்பித்துக்கொண்டிருந்தவர், 1916 மார்ச் 25 அன்று காசநோயால் இறந்தார். அவருடைய வில்லொன்றும் ஐந்து அம்புகளும் உடன் எரிக்கப்பட்டன. உடலை அறுத்து ஆராயக் கூடாது என்று வெளியூரிலிருந்த குரோபர் எழுதிய கடிதம் வருமுன் ஆராய்ச்சி நடந்தேறியிருந்தது. மூளை தனியே எடுக்கப்பட்டிருந்தது. பின்னர் அதை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தவரும் அதே குரோபர்தான். 2000-ஆம் ஆண்டில் அது உறவுக் குலத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. சாம்பலோடு சேர்த்து அவருடைய பள்ளத்தாக்கு நாட்டில், வெளியாருக்குச் சொல்லாத ஓரிடத்தில், புதைத்தார்கள்.