வலையும் காகிதமும்: ‘மட்குதல்’ என்னும் கருத்தின் வரலாறு

முன்னுரை

கடலில் தொலைந்த வலை காலப்போக்கில் மட்கிவிட வேண்டும் என்பது இன்றைய மீன்பிடிக் கருவி ஆய்வின் நோக்கங்களுள் ஒன்று. காகித இழை போன்ற தாவரப் பொருள்களும் இதற்கெனக் கருதப்படுகின்றன. ஆனால் வலை மட்காதிருக்க வேண்டும் என்பதே நெடுங்காலம் மீனவர்தம் கவலையாக இருந்தது. குறை எனப்பட்டது குணமாகிய இம்மாற்றத்தையும், அதனால் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சொற்சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வலையிலிருந்து காகிதம்

கி.பி. 105இல் சீன அரசவை அலுவலர் சாய் லுன் காகிதம் செய்யும் முறையைப் பேரரசருக்கு அறிவித்தார். மரப்பட்டை, நார்க்கழிவு, கந்தைத் துணி ஆகியவற்றோடு பழைய மீன்வலையும் அதற்கு மூலப்பொருளாயிற்று எனப் பின் ஹான் வரலாற்று நூல் கூறுகிறது. வலை நார், காகிதம் இரண்டும் செல்லுலோசு என்னும் ஒரே பொருளால் ஆனவை. எனவே காகிதத்தை நறுக்கி முறுக்கி இழையாக்குதல் அப்பொருளின் மறுபயணமே எனலாம். ஜப்பானியர் காகித இழையால் ‘ஷிஃபு’ என்னும் துணியை நெய்தனர். முதல் உலகப்போரில் பருத்தியும் சணலும் கிட்டாத ஜெர்மனி காகித நூலால் சாக்கும் துணியும் செய்தது. ஆயினும் காகித நார்களைப் பிணைத்து நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் தளர்வன. ஈரத்தில் வலிமை குன்றுவதே காகித வலைக்கு முதல் தடையாகும்.

மட்காமைக்கான முயற்சி

இந்தியக் கரைகளில் பருத்தி, சணப்பு நூல்களால் வலையும், தென்னை நாரால் கயிறும் செய்யப்பட்டன. நுண்ணுயிர்கள் நூலை அரிக்கும் ஆதலின், வலையை வெயிலில் உலர்த்துவதும் துவர்ப்புள்ள பட்டைச்சாறு ஊட்டுவதும் தொழிலின் பகுதிகளாயின. ஆசியாவிலிருந்து சென்ற காசுக்கட்டி ஐரோப்பியர் வலைகளுக்கும் காப்பாயிற்று. ஆங்கிலத்தில் ‘கச்’ என வழங்கும் அதன் பெயரைக் கன்னடக் ‘காச்சு’, தமிழ்க் ‘காசு’ ஆகியவற்றோடு 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தொடர்புபடுத்துவது ஈண்டு நோக்கத்தக்கது.

அமெரிக்க வேதியியலறிஞர் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலான் இவ்வுழைப்பைத் தேவையற்றதாக்கியது. 1952இல் ஒப்பந்தமான இந்திய-நார்வே திட்டம் கேரளக் கரையில் நைலான் வலையின் பரவலுக்குத் துணைநின்றது. 1957இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் செயற்கை இழைகளை ஆராய்ந்தது. மீனவரின் சுமை குறைந்தது. தொலைந்த வலையோ ஆளின்றியே மீனைச் சிக்கவைத்துக்கொண்டிருந்தது.

மட்கவேண்டிய நூல்

அலாஸ்காவில் நண்டுக் கூண்டின் ஒரு பக்கத்திலுள்ள திறப்பைப் பருத்தி நூலால் தைக்கும் விதி உண்டு. அந்நூல் பதப்படுத்தப்படாததாக இருத்தல் வேண்டும். கூண்டு தொலைந்தால் நூல் இற்றுத் திறப்பு உண்டாகும், நண்டு தப்பும். பட்டைச்சாறு ஊட்டிய முன்னோர் அஞ்சியதையே இவ்விதி வேண்டிநிற்கிறது. தென்கொரியா பாலிபியூட்டிலீன் சக்சினேட்டு என்னும் மட்கும் நெகிழியால் வலை செய்தது. இவ்வகை வலைகளை நார்வேயில் காட் மீன்பிடிப்பில் சோதித்தபோது, நைலான் வலையைவிடக் குறைவான மீனே கிட்டியது.

சொற்களின் எல்லை

மேற்கண்ட வரலாற்றில் மூன்று நிகழ்வுகள் வேறுபடுகின்றன. நூல் வலிமை இழந்து அறுவது ‘இறுதல்’. பொருள் சிறு துண்டுகளாவது ‘துகளாதல்’. நுண்ணுயிர்களால் அதன் மூலக்கூறுகளே எளிய பொருள்களாக மாறுவது ‘மட்குதல்’. பேச்சு வழக்கில் ‘மக்குதல்’ என்னும் ஒரு சொல்லே இம்மூன்றையும் தழுவுவதுண்டு. அலாஸ்கா விதிக்கு உடனடித் தேவை முதலாவது. கடலுக்குத் தேவை மூன்றாவது. இரண்டாவது நுண்நெகிழியைப் பெருக்குவது. இந்தியாவின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2024 திருத்தம், நுண்நெகிழி எச்சம் விடாததையே உயிரிவழிச் சிதைவுறும் நெகிழி என வரையறுக்கிறது. இத்தகைய விதியைப் பெயர்ப்போர் ‘சிதைதல்’ என்று மட்டும் எழுதின், துகளாகும் பொருளும் அதனுள் அடங்கிவிடும்.

முடிவுரை

வலை எவ்வளவு காலம் உழைக்க வேண்டும், பின் எவ்வளவு காலத்தில் மட்க வேண்டும் என்பன தனித்தனி வினாக்கள். முன்னோர் முதல் வினாவுக்கு மட்டும் விடை தேடினர்; காகித இழையை ஆராய்வோர் இரண்டுக்கும் விடை கூறவேண்டியவர்கள். இற்றுப்போதலையும் மட்கிப்போதலையும் வேறுபடுத்தும் சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. அவற்றை ஒன்றின் இடத்தில் மற்றொன்று வாராது ஆளுதலே மொழிபெயர்ப்பாளர் கடன்.