பீச்ட்றீ வீதியின் படமாளிகை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகராக விளங்குவது அற்லாந்தா. அந்நகரின் பெருந்தெருவாகிய பீச்ட்றீ வீதியில் பொக்ஸ் என்னும் படமாளிகை நிற்கின்றது. தூரத்திலிருந்து நோக்குவோர் அதனைப் பள்ளிவாசலெனவே கருதுவர். குமிழ்க் கூரையும் மினாராக்களும் வளைவுகளும் அவ்வாறு மயக்குகின்றன. ஆயின் 1929 டிசம்பர் 25 அன்று திறக்கப்பட்ட நாள்முதல் அது படமும் பாட்டும் நாடகமும் காட்டும் இடமேயன்றித் தொழுமிடமன்று.

அதனுட் சென்று பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. 4,600க்கு மேற்பட்ட ஆசனங்களைக் கொண்ட அம்மண்டபம் கூரையற்ற கோட்டை முற்றம்போலத் தோற்றுகின்றது. மேலே நீலவானம், அதில் 96 பளிங்கு விண்மீன்கள் ஒளிர்கின்றன, முகில்கள் மெல்ல நகர்கின்றன. மேன்மாடத்தின்மேல் பாலைவனக் கூடாரத்தின் கோடிட்ட துணி விரிந்திருக்கின்றது. உண்மையில் அது துணியன்று. இரும்புக் கம்பிகளில் தொங்கும் சாந்து. மரமெனத் தெரிவதும் சாந்தே. முகிலோ ஒளியெறி கருவியின் வேலை. 3,622 குழாய்களைக் கொண்ட ஓர்கன் ஒன்றும் அங்குண்டு. ஊமைப்படக் காலத்துத் தேவைக்காகப் பிறந்த இவ்வாத்தியம் பேசும்படம் வந்த பின்னரே அம்மாளிகைக்கு வந்து சேர்ந்தது. எல்லாம் பொய்யென அறிந்தும் கண் நம்பவே விரும்புகின்றது. அப்பொய்யை இத்துணை நேர்த்தியாகச் செய்த தொழிலாளரின் பெயர்கள் எம் கண்ணிற் படவில்லை.

இம்மாளிகையைக் கட்டத் தொடங்கியவர்கள் சினிமாக்காரரல்லர். அராபியப் பெயர்களையும் சிவப்புத் துருக்கித் தொப்பியையும் இரவல் வாங்கிக்கொண்ட ஷிரைனர் என்னும் வெள்ளையர் சகோதர சங்கத்தினர் தமது தலைமையகமாக இதனை எழுப்ப முனைந்தனர். 1922 இல் துத்தன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபின் மேனாட்டைப் பிடித்த எகிப்திய மோகமும் இதன் சுவர்களிற் படிந்துள்ளது. கறுப்பின மக்கள் அதே மரபில் தமக்கெனத் தனிச் சங்கம் நடத்தி வந்தனர். அப்பெயரையும் சின்னங்களையும் அவர்கள் கையாளலாகாதென ரெக்சாஸ் மாநில வெள்ளையர் வழக்குத் தொடுத்தனர். 1929 ஜூனில் அமெரிக்க உயர்நீதிமன்றம் கறுப்பினச் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பிறரிடம் இரவல் வாங்கிய தொப்பிக்குத் தனியுரிமை கோரி நீதிமன்றம் ஏறியவர்களை என்னென்பது!

கட்டிடச் செலவு சங்கத்தின் கைக்கு மீறியது. ஹொலிவூட் முதலாளி வில்லியம் பொக்ஸ் மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தார். படம் எடுப்பதும், விநியோகிப்பதும், காட்டுவதும் ஒரே கம்பனியின் பிடியில் இருந்த காலம் அது. 1948 இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அப்பிடி தளர்ந்தது. ஆயினும் பொக்ஸின் பேரரசு அதுவரை நிலைக்கவில்லை. நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்து இரண்டு மாதங்களில் மாளிகை திறக்கப்பட்டது. 1930 இல் அவர் தமது கம்பனியையே இழந்தார். பின்னர் நீதிபதி ஒருவருக்கு இலஞ்சம் கொடுத்த விவகாரத்திற் சிறையும் சென்றார். 1932 இல் மாளிகை திவாலாகி மூடப்பட்டு, சில ஆண்டுகளின் பின்னரே மீண்டும் தலைநிமிர்ந்தது.

இனி நாம் முக்கியமென எண்ணும் விடயத்திற்கு வருவோம். மண்டபத்தினுள் நுழைவோர் எல்லோரும் அண்ணாந்து விண்மீன்களைப் பார்க்கின்றனர். திரும்பிப் பின்புறத்தின் உச்சியையும் பார்த்தல் வேண்டும். அங்கேயுள்ளது கலரி. நமது நாட்டுப் படமாளிகைகளிற் கலரி எனப்பட்டது திரைக்கு மிக அண்மையிலிருந்த மலிவான வாங்குகளை. இங்கோ அது கூரையை ஒட்டிய இடம். கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம். அவர்கள் வேறொரு சாளரத்திற் சீட்டு வாங்கி, வெளிப்புறப் படிக்கட்டில் ஏறி, எவர் கண்ணிலும் படாமல் அங்கு போய் அமரவேண்டும். ஒரே திரை, ஒரே கதை, ஒரே செயற்கை வானம். வாசல் மட்டும் வேறு.

இது ஒரு மாளிகையின் வழக்கமன்று. 1939 டிசம்பர் 15 அன்று இதே வீதியிலிருந்த லோவ்ஸ் கிறாண்ட் படமாளிகையில் 'கோன் வித் த விண்ட்' முதன்முறையாகத் திரையிடப்பட்டது. அதில் நடித்த ஹற்றி மக்டானியல் என்ற கறுப்பின நடிகை அவ்விழாவிற் கலந்துகொள்ள இயலவில்லை. நிறவொதுக்கல் விதிகள் தடுத்தன. அடுத்த ஆண்டில் ஒஸ்கார் பரிசைப் பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. திரையிடலுக்கு முதல்நாள் நடந்த வெள்ளையர் களியாட்டத்திற் பாடக் கறுப்பினத் தேவாலயப் பாடகர் குழுவொன்று அடிமை வேடத்தில் நிறுத்தப்பட்டது. அக்குழுவில் நின்ற பத்து வயதுச் சிறுவனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

1960 மார்ச்சில் அற்லாந்தாவின் கறுப்பின மாணவர்கள் உணவுச்சாலைகளில் உள்ளிருப்புப் போராட்டத்தைத் தொடங்கினர். 1962 இல் நகரின் படமாளிகைகளிலும் நிறத்தடை வீழ்ந்தது. அவ்வேளையில் மாளிகைகளின் வாழ்வே தேயத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சி ஒருபுறம் இழுத்தது. வெள்ளையர் நகரைவிட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தமை மறுபுறம் வாட்டியது. கதவு எல்லோருக்கும் திறந்த பொழுதில் முதலாளிகளுக்கு அக்கட்டிடம் வெறும் மனைநிலமாகிவிட்டது.

1974 இல் சதர்ன் பெல் தொலைபேசிக் கம்பனி அதனை வாங்கி, இடித்து, தனது தலைமையகத்தை அமைக்கத் திட்டமிட்டது. நகரமக்கள் கொதித்தெழுந்தனர். கையொப்பம் திரட்டப்பட்டது. இதற்கென உருவாகிய இலாப நோக்கற்ற அமைப்பொன்று 1975 இல் 18 இலட்சம் டொலர் வங்கிக் கடனுடன் மாளிகையை வாங்கியது. கலைஞர்கள் நிதிக்காக இலவசமாகவும் இசைத்தனர். லினர்ட் ஸ்கினர்ட் என்னும் ரொக் இசைக்குழு 1976 ஜூலையில் நடத்திய நிகழ்ச்சிகள் பெயர்பெற்றவை. 1978 இல் கடன் தீர்ந்தது. பின்னர் கம்பளம், வர்ணம், விளக்கு, தளபாடம் யாவும் பழைய சான்றுகளைக்கொண்டு சிறிதுசிறிதாகப் புதுப்பிக்கப்பட்டன.

நிறவெறியும் பண மமதையும் சேர்ந்து எழுப்பிய மாளிகைக்கு முற்போக்காளர் ஏன் இரங்கவேண்டும் என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. எனினும் தொலைபேசிக் கம்பனியின் இயந்திரங்கள் அதனை நொறுக்கியிருந்தால் விண்மீன்களோடு கலரியும் போயிருக்கும். ஒடுக்குமுறை வெறும் சொல்லாக இருக்கவில்லை. சாளரமாக, படிக்கட்டாக, சாந்துச் சுவராக இருந்தது என்பதற்கு அக்கட்டிடம் சாட்சி. புதுப்பிப்போர் பொன்வர்ணத்தைப் பூசும் கவனத்துடன் இதனையும் பேணவேண்டுமென்பதே எமது கருத்து.

லோவ்ஸ் கிறாண்டுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1978 ஜனவரியில் அது தீக்கிரையாகியது, எஞ்சியது இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் இன்று ஜோர்ஜியா பசிபிக் என்னும் மரப்பொருட் கம்பனியின் வானுயர்ந்த கட்டிடம் நிற்கின்றது. 1939 இல் அந்த இரவு யார் உள்ளே விடப்படவில்லை என்பதைக் காட்ட அங்கே கதவும் இல்லை, கலரியும் இல்லை.