ஒரு திராட்சை, 1,247 துண்டு நிலம்

1395 ஜூலை 31 அன்று பிரான்சில் உள்ள பர்கண்டியின் கோமகன் பிலிப் ஓர் ஆணை போட்டார். தன் நாட்டுத் தோட்டங்களில் காமே என்ற திராட்சைக்கொடி இனித் தலைகாட்டக் கூடாது, இருப்பதை ஒரு மாதத்துக்குள் வெட்டிச் சாய்க்க வேண்டும், மீறினால் அபராதம். ஆணையில் அந்தக் கொடியின்மேல் அவர் பொழிந்திருக்கும் வசவைப் பார்த்தால், பேச்சு பயிரைப் பற்றியதா பங்காளியைப் பற்றியதா என்று சந்தேகம் வந்துவிடும். அதைத் துரோகி என்கிறார். அதன் ஒயின் கசக்கும், குடிப்பவர் உடம்புக்கே ஆகாது என்கிறார். கையோடு கையாகத் தோட்டத்துக்குச் சாணி எரு போடுவதையும் தடுத்துவிட்டார். எரு போட்டால் காய்ப்பு கூடும், சுவை கெடும் என்பது அவர் கட்சி.

காமே செய்த குற்றம் ஒன்றுதான். அது நன்றாகக் காய்த்தது. 1348-இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு கூலிக்கு ஆள் கிடைக்காத காலம் அது. அதிகம் கவனிக்காமலே கூடை கூடையாகக் காய்த்து, சீக்கிரமே பழுத்தும்விடுகிற கொடியை எந்தக் குடியானவன் விடுவான்? கோமகனின் கணக்கு வேறு. மனைவி வழியில் பிளாண்டர்ஸ் நாடு அவர் கைக்கு வந்திருந்தது. அங்கே பணம் புழங்கிய நகரங்கள் பர்கண்டி ஒயினுக்கு நல்ல சந்தை. பெயர் கெட்டால் சந்தை போகும். அந்தப் பெயரைக் காப்பாற்றும் என்று அவர் நம்பிய கொடி பினோ நுவார்.

விவசாயியின் கண்ணால் பார்த்தால் பினோவைப் போலத் தொல்லை பிடித்த கொடி இன்னொன்று இல்லை. முந்திக்கொண்டு துளிர்விடும், அந்தத் துளிர் உறைபனியில் கருகும். பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சின்னக் கொத்து. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் உள்ளுக்குள்ளேயே அழுகும். தோல் மெல்லிசு என்பதால் சாயமும் குறைவு. கிண்ணத்தில் ஊற்றினால் ரத்தச் சிவப்பெல்லாம் இருக்காது. பின்னால் ஒரு தாளைப் பிடித்தால் எழுத்தைப் படித்துவிடலாம். கறுத்துத் தடித்திருந்தால்தான் நல்ல ஒயின் என்று நினைப்பவர்கள் பினோவிடம் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

ஆறு நூற்றாண்டு கழித்து, 1999-இல், அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். பினோவுக்கும் குவே பிளாங் என்ற மட்டமான வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்த பிள்ளைதான் காமே என்று தெரிந்தது. புகழ்பெற்ற ஷார்டனேயும் அதே பெற்றோருக்குப் பிறந்ததுதான். பினோவுக்காகக் கோமகன் ஊரைவிட்டு விரட்டியது பினோவின் சொந்தப் பிள்ளையை!

ஆணை முழுசாகப் பலிக்கவில்லை. சமவெளியில் காமே மறுபடி மறுபடி முளைத்தது. தெற்கே போஷொலேயில் நிரந்தரமாகக் குடியேறியது. ஆனால் டிஜோன் நகரிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போல நீளும் சுண்ணாம்புக்கல் சரிவில், கோட் தோர் என்ற அந்தக் கிழக்கு முகச் சரிவில், நல்ல சிவப்பு ஒயினுக்குப் பினோ ஒன்றே என்று நிலைத்தது. பர்கண்டி ஒயினை ருசி பார்க்கும் கலை இங்கேதான் பிறந்தது என்பேன். பிரான்சின் இன்னொரு ஒயின் வட்டாரமான போர்தோவில் இரண்டு மூன்று திராட்சைகளைக் கலப்பார்கள். ஒன்றின் குறையை மற்றொன்று மூடும். இங்கே மூட எதுவும் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களின் ஒயின் வேறு வேறு ருசி காட்டினால் திராட்சையின்மேல் பழிபோட முடியாது. மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணைப் பார்க்கும் வேலை ஆணைக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1098-இல் சீத்தோவில் மடம் கட்டிய துறவிகளுக்குப் பக்தர்கள் சரிவில் நிலம் நிலமாக எழுதிவைத்தார்கள். வூஜோ என்ற இடத்தில் ஐம்பது ஹெக்டேரைச் சேர்த்து, 1336 வாக்கில் சுற்றி மதில் எழுப்பி முடித்தார்கள். துறவிகள் மண்ணை நக்கிப் பார்த்தே தோட்டம் பிரித்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அது சுற்றுலாவுக்கான கதை. அவர்களிடம் இருந்தது நாக்கைவிடப் பெரிய வசதி: சாகாத மடம், எழுதத் தெரிந்த கை. ஒரே நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, எங்கே பனி முதலில் உருகுகிறது, எங்கே மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரம் இருந்தது.

அப்படிப் பிரிந்த துண்டுகளுக்கு ‘க்ளிமா’ என்று பெயர். யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அவை 1,247. சில, ஒரு ஹெக்டேர்கூடக் கிடையாது. ரொமானே கோந்தி 1.8 ஹெக்டேர். அதற்கும் ரிஷ்பூர் தோட்டத்துக்கும் நடுவே ஆள் நடக்கும் பாதை ஒன்றுதான் இருக்கிறது; விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

1855-இல் லவால் என்ற மருத்துவர் சரிவு முழுவதையும் தரம்பிரித்துப் புத்தகம் போட்டார். 1930-களிலிருந்து அரசாங்கம் போட்ட சட்டங்கள் பெரும்பாலும் அதே கோட்டில் நடந்தன: அடியில் வட்டார ஒயின், மேலே ஊர்ப் பெயர், அதற்கும் மேலே பிரமியே க்ரு, உச்சியில் 33 க்ரான் க்ரு. நடுவில் ஃபிலோக்சரா பூச்சி வந்து வேர்களைத் தின்றது. அமெரிக்க வேர்மேல் ஒட்டுக்கட்டித்தான் பர்கண்டி பிழைத்தது. ரொமானே கோந்தியோ 1945 வரை பழைய வேரிலேயே பிடிவாதமாக நின்றது. அந்த ஆண்டு கிடைத்தது அறுநூறு புட்டி சொச்சம். அதோடு கொடிகளைப் பிடுங்கினார்கள். 1952 வரை ஒயினே இல்லை. அந்த அறுநூறில் ஒரு புட்டி 2018-இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. இந்த விலைக்கும் நாக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

நாக்குக்கு வருவோம். இருட்டு நிலவறையில் வணிகர்கள் ருசி பார்க்கப் பயன்படுத்திய கருவி தஸ்தவேன் என்ற வெள்ளிக் கிண்ணம். உள்ளங்கையில் அடங்கும், ஆழமே இராது. உட்புறம் ஒரு பாதியில் குண்டு குண்டாகப் புடைப்புகள், மறுபாதியில் சாய்வான வரிகள். மெழுகுவத்தி வெளிச்சம் அந்தப் புடைப்புகளில் பட்டுச் சிதறும்போது சிவப்பு ஒயின் கலங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெள்ளை ஒயினை வரிகளின்மேல் பார்ப்பார்கள். வியாபாரம் படுத்துப்போன 1934-இல் தொடங்கிய ஒரு சபையார் அதைக் கழுத்தில் பதக்கமாக மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு அதற்கு அந்த வேலைதான் மிச்சம். கண்ணுக்கு உதவிய கிண்ணம் மூக்குக்கு உதவவில்லை. அகலத் திறந்த வாய் வழியே வாசம் பறந்துவிடுகிறது. பினோவில் பாதி ருசி மூக்கில் இருக்கிறது.

அதனால் வயிறு பெருத்து வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணம் வந்தது. அதில் கால்வாசி ஊற்றினால் போதும். இளம் ஒயினில் செர்ரி, ராஸ்ப்பெரி, சில சமயம் ரோஜா. பத்துப் பதினைந்து வருஷம் கிடந்ததில் பழம் பின்வாங்கி, காளானும் மழைக்குப்பின் மக்கும் இலையும் தோலும் வரும். சூடு 15, 16 டிகிரி இருக்க வேண்டும். ‘அறை வெப்பத்தில் பருகவும்’ என்பது பிரெஞ்சுக் கல்வீட்டு அறையைச் சொல்வது. சென்னையில் முதலில் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஆனால் இந்த வாசனைப் பட்டியலை உருப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பர்கண்டி நிலவறையில் நடப்பதைப் பார்த்தால் காரணம் தெரியும். ஒயின் செய்தவர் கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு உறிஞ்சி, உங்கள் கிண்ணத்தில் இரண்டு மடக்கு விடுவார். முதலில் ஊர் ஒயின், அடுத்து பிரமியே க்ரு, கடைசியில் க்ரான் க்ரு. திராட்சை ஒன்று, ஆண்டு ஒன்று, செய்த கை ஒன்று, 228 லிட்டர் பீப்பாயும் ஒரே மாதிரி. மாறுவது நிலம் மட்டும். சிவப்பெல்லாம் முடிந்த பிறகே வெள்ளை வரும். ‘இதில் செர்ரி தெரிகிறதா’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ‘முன்னதைவிட இது எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது’ என்பதுதான் பேச்சு. தனியாக ஒரு புட்டி ஒன்றும் கற்றுத்தராது, இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் நாக்கு வேலை செய்யத் தொடங்கும்.

நிலத்தை வைத்துத் தரம்பிரிக்கும் இந்த ஏற்பாடு தடுமாறுகிற இடம் வூஜோ. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்து பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. பிறகு விற்பனை, பாகப்பிரிவினை என்று அறுந்து அறுந்து, துறவிகள் ஒன்றாக வைத்திருந்த அந்த மதிலுக்குள் இன்று எண்பது பேர் போல உரிமையாளர்கள். மேல்பகுதியில் மண் தண்ணீரை வடிக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய அடிப்பகுதியில் களிமண், கால் புதையும். இரண்டுக்கும் புட்டியில் ஒட்டுவது ஒரே க்ரான் க்ரு பட்டம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தோட்டத்தின் பெயருக்கு முன்னால் செய்தவர் பெயரைப் பார்க்கிறார்கள். அசட்டையான கையின் வூஜோவைத் தள்ளிவைத்துவிட்டு, அதில் பாதிக் காசுக்கும் குறைவாக, நல்ல கை செய்த ஊர் ஒயினை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.