தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: உள்ளே வைத்த மூட்டு உறுதியாக இருக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

பீர்மேடு தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் கொழுந்து பறித்த உங்கள் அம்மாவுக்குக் கோட்டயத்தில் தோள்மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு அவர் உங்களோடு தேனிக்கு வந்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்ஸ்-ரேயைப் பார்த்ததும் புதிய டாக்டர் கேட்கிறார்: "பழைய படம் இருக்கா?"

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு படம் இன்றைய நிலையை மட்டும் காட்டும். மூட்டு நகர்ந்திருக்கிறதா என்பது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

'உறுதி' என்றால் என்ன?

இரண்டு விஷயங்கள். ஒன்று, செயற்கை மூட்டு எலும்போடு பிடித்திருக்க வேண்டும். இரண்டு, பந்து கிண்ணத்தை விட்டு விலகக் கூடாது.

வழக்கமான முறையில் மேற்கை எலும்பில் உலோகப் பந்தும், தோள்பட்டை எலும்பில் பிளாஸ்டிக் கிண்ணமும் வைப்பார்கள். காலப்போக்கில் அதிகம் தளர்வது இந்தக் கிண்ணம்தான். பிரான்ஸின் பால் கிராமோன் 1985-ல் கொண்டுவந்த 'ரிவர்ஸ்' முறையில் பந்தும் கிண்ணமும் இடம் மாறும். தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் கிழிந்தவர்களுக்கு இது உதவும். இதில் முதல் சில மாதங்களில் மூட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவது, கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழுவது வேண்டாம் என்று டாக்டர் சொல்வது அதனால்தான்.

எக்ஸ்-ரேயில் எதைப் பார்க்கிறார்கள்?

- எலும்புக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு இருக்கிறதா? மெல்லிய கோடு மாறாமல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அது 2 மி.மீ.க்கு மேல் அகன்று சுற்றிலும் பரவினால் தளர்வு என்று சந்தேகிப்பார்கள்.
- கிண்ணமோ தண்டோ சாய்ந்திருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?
- ரிவர்ஸ் முறையில், தோள்பட்டை எலும்பின் கீழ் விளிம்பு தேய்ந்திருக்கிறதா?

படம் எடுக்கும் கோணம் மாறினால் நகராத மூட்டும் நகர்ந்ததுபோலத் தெரியும். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். ஆய்வுகளில் எலும்புக்குள் சிறிய டான்டலம் மணிகளைப் பதித்து, ஒரே நேரத்தில் இரண்டு கோணங்களில் எக்ஸ்-ரே எடுத்து, மி.மீ.க்கும் குறைவான நகர்வைக்கூட அளக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையில் இது கிடையாது.

எப்போது உடனே போக வேண்டும்?

வலி குறைந்து நன்றாக இருந்த தோளில் மறுபடி வலி, முன்பு தூக்கிய உயரத்துக்குக் கை வராதது, திடீரென வடிவம் மாறுவது: எதுவானாலும் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. தோளில் மெதுவாக வளரும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி காய்ச்சலே இல்லாமல் மூட்டைத் தளர்த்தலாம். மூட்டு நீரில் அதைக் கண்டுபிடிக்கச் சுமார் 2 வாரம் வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்-ரேயை சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். செல்போனில் எடுத்த போட்டோ அளந்து பார்க்க உதவாது. டிஸ்சார்ஜ் சம்மரியையும், மூட்டின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரையும் சேர்த்து வையுங்கள். அடுத்த டாக்டர் கோட்டயத்தில் இருந்தாலும் தேனியில் இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இவை வேண்டும்.